விதியல்ல, கூரையே காரணம்!

தென்னூர்த் தோழர்களே!

காவிரிக்கு அக்கரையில், ஸ்ரீரங்கத்தில், 2004 ஜனவரி 23-ல் ஒரு கல்யாண மண்டபம் எரிந்தது. மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றி, மணமகன் உள்பட 50 பேருக்கு மேல் மாண்டனர். அதே ஆண்டு ஜூலை 16-ல் கும்பகோணத்தில் 94 பள்ளிக் குழந்தைகள் கருகினர். சமையல் நெருப்பு தாவிய இடம், அங்கும் கீற்றுக் கூரையே!

"எல்லாம் விதி" என்றனர் சிலர். பிறகு பள்ளிக்கூடங்களில் கீற்றை அகற்றச் சொன்னது சர்க்கார். விதியையா அகற்றச் சொன்னது?

பள்ளிக்கு ஆகாத கூரை பாட்டாளியின் குடிசைக்கு மட்டும் ஆகுமா? காய்ந்த கீற்றுக்கு ஒரு பொறி போதும். காற்றடித்தால் வரிசையே சாம்பல்.

எரியாத வீடு ஒன்றும் ரகசியமல்ல. செங்கல் சுவர், ஓடு அல்லது காங்கிரீட் கூரை, ஒதுக்கமாக அடுப்படி, இரண்டு வாசல், தீயணைப்பு வண்டி நுழையத் தெரு. இவற்றைக் கட்டத் தெரிந்த கொத்தனாரும் சித்தாளும் நம்மவரே. ஊராருக்குக் காங்கிரீட் போடும் கை, கீற்றுக்கடியில் உறங்குகிறது!

கிராமக் குடிசைகளுக்குப் பதிலாக 2030-க்குள் 8 லட்சம் வீடுகள், வீட்டுக்கு 3.5 லட்சம் ரூபாய் என்று 2024-ல் 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் அறிவிக்கப்பட்டது. நல்லதே. ஆனால் பட்டா உள்ளவருக்கே வீடாம்! புறம்போக்கில் வாழ்பவன் கதி? நகரத்துக் குடிசைவாசியின் கதி? தீ என்ன, பட்டா பார்த்தா பற்றுகிறது?

எரிந்தபின் வரும் நிவாரண அரிசி போதாது. எரியுமுன் வேண்டும் கூரை! குடியிருக்கும் மண்ணுக்குப் பட்டா, தலைக்கு மேல் எரியாத கூரை. இதைக் கேட்போம், ஒன்றுகூடிப் பெறுவோம்!