வாட்ச் நமக்கா, நாம் வாட்ச்சுக்கா?

இணையத்தில் ஒரு கூட்டம் இருக்கிறது. தினமும் பாக்கெட்டில் எடுத்துப் போகும் பொருட்களை மர மேஜை மேல் வரிசையாக அடுக்கி, மேலே இருந்து படம் பிடித்துப் போடுவார்கள். ஒரு வாட்ச், ஒரு மடக்குக் கத்தி, ஒரு குட்டி டார்ச், ஒரு பேனா, சாவிக்கொத்து. இதற்கு 'எவ்ரிடே கேரி' என்று பெயர். சுருக்கமாக ஈ.டி.சி. பார்க்க அழகாகத்தான் இருக்கும். நானும் படிக்க வேண்டிய நேரத்தில் உட்கார்ந்து நிறையப் பார்த்திருக்கிறேன் :-) ஆனால் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். அந்தக் கத்திகளில் பாதி ஒரு மாம்பழத்தைக் கூட வெட்டியிருக்காது. அத்தனை பளபளப்பு!

என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் கூட வரும் பொருள் நமக்கு வேலை செய்ய வேண்டும். நாம் அதற்கு வேலை செய்யும் நிலை வந்தால் அதை வீட்டில் வைத்துவிட்டு வருவது நல்லது.

இந்த ஈ.டி.சி. ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்ப் பெரியவர்களின் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்தால் பாக்குவெட்டி இருக்கும், சுண்ணாம்பு டப்பா இருக்கும். காடு கழனிக்கு வெறுங்காலோடு போனவர்கள் முள்வாங்கியை அரைஞாண் கயிற்றிலேயே கோத்து வைத்திருந்தார்கள். முள் தைத்தால் அங்கேயே உட்கார்ந்து எடுத்துவிட்டு நடப்பார்கள். பக்கத்து வயல்காரர் கேட்டாலும் அவிழ்த்துக் கொடுப்பார்கள். அதை யாரும் படம் பிடித்துப் போடவில்லை. அவ்வளவுதான் வித்தியாசம்.

ஒரு பொருள் தினசரி உபயோகத்துக்கு ஏற்றதா என்று பார்க்க நான் மூன்று கேள்விகள் வைத்திருக்கிறேன்.

1. தொலைந்தால் ராத்திரி தூக்கம் கெடுமா?
2. ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் வேலை செய்யுமா?
3. பக்கத்தில் இருப்பவன் கேட்டால் இரவல் கொடுக்க மனசு வருமா?

முதலில் வாட்ச்.

நான் கட்டியிருப்பது காசியோ எஃப்-91டபிள்யூ. கறுப்புப் பிளாஸ்டிக், சதுர முகம், பஸ்ஸில் நாலு பேர் கையில் பார்த்திருப்பீர்கள். 1989-இல் வந்தது. ரியூசுகே மொரியாய் என்பவர் காசியோவுக்காக வடிவமைத்த முதல் வாட்ச். எடை 21 கிராம். பேட்டரி சுமார் ஏழு வருஷம் வரும் என்கிறது கம்பெனி. விலை ஆயிரத்துச் சொச்சம். குறை இல்லாமல் இல்லை. அதன் விளக்கு, இருட்டில் விளக்கு எரிகிறதா என்று பார்க்க மட்டுமே உதவும். பிப்ரவரிக்கு எப்போதும் 28 நாள்தான் என்று நம்பிக்கொண்டிருக்கிறது. லீப் வருஷத்தில் நாம்தான் தேதியைத் திருத்த வேண்டும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை அது நம்மிடம் கேட்கும் உதவி அது ஒன்றுதான். கொடுத்துவிட்டுப் போகலாம்.

மலிவு என்றால் மட்டம் என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு கணக்கு. குவார்ட்ஸ் வாட்ச்சுக்குள் இருக்கும் சின்னப் படிகம் வினாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஏன் இந்த விசித்திரமான எண்? பதினைந்து தடவை பாதியாக்கிப் பாருங்கள், சரியாக ஒன்று வரும். அந்த ஒன்றுதான் ஒரு வினாடி. குவார்ட்ஸ் படிகத்தோடு கடைக்கு வந்த முதல் கைக்கடிகாரம் செய்கோ ஆஸ்ட்ரான், 1969 டிசம்பர் 25-இல் டோக்கியோவில். விலை நாலரை லட்சம் யென். அன்றைக்கு கிட்டத்தட்ட ஒரு சின்னக் காரின் விலை. இருபதே வருஷத்தில் அதே வித்தை பெட்டிக்கடைக்காரர் கைக்கும் பள்ளிக்கூடப் பையன் கைக்கும் வந்துவிட்டது. துல்லியத்திலும் குறைவில்லை. கிரானோமீட்டர் சான்றிதழ் வாங்கும் ஸ்விஸ் மெக்கானிக்கல் வாட்ச்சுக்கு ஒரு நாளைக்கு சராசரியாக 4 வினாடி பின்னாலும் 6 வினாடி முன்னாலும் போக அனுமதி உண்டு. முப்பது நாளைக்குப் பெருக்கினால் 3 நிமிடம் வரை முன்னால் போகலாம். எஃப்-91டபிள்யூவுக்கு மாதத்துக்கு 30 வினாடிதான் வரம்பு. லட்சங்கள் கொடுத்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும், அந்த வேலைப்பாட்டுக்கு மதிப்பு உண்டு. ஆனால் 'நேரம் சரியாகக் காட்டும்' என்று மட்டும் காரணம் சொல்லக்கூடாது.

இனி எதிர்க்கட்சி வாதங்கள்.

'செல்போனிலேயே மணி தெரிகிறதே?' தெரிகிறது. ஆனால் போனில் மணி பார்த்துவிட்டு உள்ளே வைத்த பிறகு மணி எத்தனை என்று யாராவது கேட்டால் மறுபடி எடுத்துப் பார்க்கிறோமா இல்லையா? நடுவில் மூன்று மெசேஜும் ஒரு கிரிக்கெட் ஸ்கோரும் வந்து போயிருக்கும். வாட்ச் கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளும்.

'ஸ்மார்ட் வாட்ச்?' உடம்புக்காக டாக்டர் சொல்லிக் கட்டுகிறவர்களை விட்டுவிடுகிறேன். மற்றபடி, பல மாடல்களைத் தினமும் இல்லாவிட்டால் இரண்டு நாளைக்கு ஒருமுறை சார்ஜரில் போட்டாக வேண்டும். எழுந்து நட, மூச்சு விடு, அவன் கூப்பிடுகிறான் என்று கையைத் தட்டிக்கொண்டே இருக்கும். இரண்டாவது கேள்வியில் ஃபெயில்.

'அப்பாவின் எச்.எம்.டி.?' இதுதான் கஷ்டமான கேள்வி. ஜப்பானின் சிட்டிசன் கம்பெனியின் உதவியோடு 1961-இல் பெங்களூரில் தொடங்கி, பரீட்சை பாஸானவன் கையிலும் மாப்பிள்ளை கையிலும் ஏறிய வாட்ச் அது. 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. சாவி கொடுக்கும் ஜனதா தினமும் அரை நிமிஷம் கேட்கும். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. ஆனால் அப்பா கட்டிய வாட்ச் தொலைந்தால் தூக்கம் போகும். அதனால் அது கருவி என்ற கணக்கில் வராது, ஞாபகம் என்ற கணக்கில் வரும். விசேஷத்துக்குக் கட்டுங்கள், கூட்ட நெரிசல் பஸ்ஸுக்கு வேண்டாம். (இணையத்தில் 'புத்தம் புது எச்.எம்.டி.' என்று கலர் கலராக விற்பதில் பல, பழைய இயந்திரத்துக்குப் புது முகம் பூசியவை. ஜாக்கிரதை.)

இனி கத்தி.

பேனாக்கத்தி வைத்திருக்கிறேன் என்றால் ஏதோ ரவுடியைப் பார்ப்பது போல் பார்க்கிறார்கள். என்னிடம் இருப்பது விக்டோரினாக்ஸ் கிளாசிக். மடக்கினால் 58 மில்லிமீட்டர். ஒரு சின்னக் கத்தி, ஒரு கத்தரிக்கோல், முனையில் ஸ்க்ரூடிரைவர் வைத்த நகம் தீட்டும் அரம், ஒரு பல்குத்தி, ஒரு சாமணம். ஆமாம், அதே முள்வாங்கிதான்! வாட்ச்சும் கத்தியும் சேர்த்து 50 கிராம் கூட வராது.

இந்தக் கம்பெனியின் கதையும் நம் கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறது. கார்ல் எல்சனர் 1884-இல் ஸ்விட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் பட்டறை போட்டார். 1891-இல் ராணுவத்துக்குச் சிப்பாய்க் கத்தி கொடுக்க ஆரம்பித்தார். அதில் இருந்தவை ஒரு கத்தி, ஒரு துளைக்கும் ஊசி, டின் திறப்பான், ஸ்க்ரூடிரைவர். டின் திறப்பான் சாப்பாட்டுக்கு, ஸ்க்ரூடிரைவர் துப்பாக்கியைக் கழற்றி மாட்ட. அழகுக்கென்று எதுவும் கிடையாது. 1897-இல் இன்னும் லேசாக, கார்க் திருகியும் இரண்டாவது கத்தியும் சேர்த்து 'அதிகாரிகள் கத்தி' செய்தார். அதை ராணுவம் வாங்கவில்லை. அதிகாரிகளே கடைக்குப் போய்ச் சொந்தக் காசில் வாங்கினார்கள்.

என் அனுபவத்தில் கத்தியின் அருமை மூன்றாவது கேள்வியில்தான் தெரிகிறது. ஹாஸ்டலில் அது என் பாக்கெட்டில் இருந்த நேரத்தை விட அடுத்தவன் கையில் இருந்த நேரம்தான் அதிகம். வீட்டிலிருந்து வந்த பார்சலின் டேப்பை அறுக்க, ஊறுகாய் பாக்கெட்டைப் பல்லால் கடிக்காமல் பிரிக்க, சட்டையில் தொங்கும் நூலை வெட்ட, காலில் ஏறிய சிலாம்பை எடுக்க. பெயர் தெரியாத ஜூனியர் கூட கதவைத் தட்டி 'அண்ணா, கத்தி' என்பான். வாட்ச்சால் நமக்கு மட்டும்தான் லாபம். கத்தியால் தளம் முழுக்கப் பழக்கமாகும். பத்தாயிரம் ரூபாய்க் கத்தியாக இருந்தால் 'பார்த்துடா, கீறிடாதே' என்று பின்னாலேயே போக வேண்டியிருக்கும். அப்புறம் யார் கேட்பார்கள்?

சட்டம் என்ன சொல்கிறது? 2016-ஆம் வருஷத்து ஆயுத விதிகளின் பட்டியல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்திகளைப் பற்றித்தான் பேசுகிறது. அதிலும் வீட்டு வேலை, விவசாயம், தொழில் போன்றவற்றுக்கானவை நீங்கலாக. என் கத்தி நாலு சென்டிமீட்டர் கூட இல்லை. ஆனால் சட்டம் வேறு, வாசலில் நிற்கும் செக்யூரிட்டி வேறு. விமானத்தில் கைப்பையில் கொண்டு போக முடியாது. அமெரிக்காவில் 6 சென்டிமீட்டர் வரையிலான சின்னக் கத்திகளை அனுமதிக்கிறோம் என்று 2013 மார்ச்சில் அறிவித்து, விமானப் பணியாளர்கள் எதிர்க்கவே ஜூனில் கைவிட்டார்கள். 2024-இல் விக்டோரினாக்ஸே 'கத்தி இல்லாத கத்தி' செய்யப் போவதாக அறிவித்தது. சிரிப்பதா அழுவதா?

கத்திக்கு வந்த கதி வாட்ச்சுக்கும் வந்துவிட்டது. 2011-இல் விக்கிலீக்ஸ் வெளியிட்ட குவான்டனாமோ ஆவணங்களில், மேலே சொன்ன அதே காசியோவைக் கட்டியிருந்ததையே சந்தேகத்துக்கான ஓர் அடையாளமாகக் குறித்திருந்தார்கள். அது எங்கேயோ நடந்தது. நம் வீட்டு விஷயத்துக்கு வருவோம். 2015-இல் அகில இந்திய மருத்துவ நுழைவுத் தேர்வில் உடுப்புக்குள் கருவிகளை ஒளித்து விடை கடத்தினார்கள். உச்ச நீதிமன்றம் ஜூன் 15 அன்று தேர்வையே ரத்து செய்தது. மாணவர்கள் ஜூலை 25-இல் மறுபடி எழுதினார்கள், கையில் வாட்ச் இல்லாமல். நீட் தேர்விலும் அந்தத் தடை தொடர்ந்தது. 2025 நீட்டில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்று ஓட வேண்டிய பரீட்சையில், நிமிடம் பார்க்கும் பொருளுக்கு அனுமதி இல்லை. புத்திசாலிக் கருவிகள் செய்த பாவம் அப்பாவி வாட்ச்சின் தலையில் விழுந்தது.

தடையே தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். எந்த வாட்ச்சுக்குள் எது ஒளிந்திருக்கிறது என்று வாசலில் நிற்பவரால் கண்டுபிடிக்க முடியாது. ஆனால் வாங்கி வைத்துக்கொண்டால் மாற்று கொடுக்க வேண்டும். கடைசி பெஞ்சில் இருப்பவனுக்கும் தெரிகிற மாதிரி, நேரம் சரியாக ஓடுகிற பெரிய கடிகாரம் ஒவ்வொரு அறையிலும் இருந்தே ஆக வேண்டும். இது சலுகை இல்லை, பரீட்சை நடத்துகிறவர்களின் கடமை.

நம் பங்குக்கு நாம் செய்யக்கூடியதும் ஒன்று உண்டு. வாட்ச் என்றால் கௌரவம், கத்தி என்றால் கெத்து என்று இரண்டையும் காட்சிப் பொருளாக்கினால், அவற்றைப் பார்க்கிற கண்ணும் அப்படித்தான் பார்க்கும். கீறல் விழுந்த பிளாஸ்டிக் வாட்ச்சையும், ஊறுகாய் வாசம் அடிக்கும் குட்டிக் கத்தியையும் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள், பொறாமைப்படவும் மாட்டார்கள். அதிகம் போனால் இரவல் கேட்பார்கள்.

சரி, உங்கள் பாக்கெட்டில் என்ன இருக்கிறது? மூன்று கேள்விகளில் எத்தனை பாஸ்? பின்னூட்டத்தில் சொல்லுங்கள். மர மேஜைப் படம் மட்டும் வேண்டாம் :-)