முதல் சீசன் மார்க் ஷீட்!

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தில் ஒரு சீசன் சறுக்கினாலே, ‘கோச் நீடிப்பாரா?’ என்ற பேச்சு கிளம்பிவிடும். வீராங்கனையாக ஒலிம்பிக்கில் 3 தங்கம் வென்ற டான் ஸ்டேலி, 2008-ல் சவுத் கரோலினா பல்கலைக்கழகப் பெண்கள் அணிக்குக் கோச் ஆனார். முதல் சீசனில் 10 வெற்றி, 18 தோல்வி! ஆனாலும், பல்கலைக்கழகம் அவரை மாற்றவில்லை.

தேசியப் போட்டிக்குத் தகுதி பெறவே நான்காவது சீசன் ஆனது. பிறகு, அதே மாநிலத்துப் பெண் ஏஜா வில்சன் அணிக்கு வந்தார். 2017-ல் முதல் சாம்பியன் பட்டம், 2022-ல் அடுத்தது. 2024-ல் மூன்றாவது பட்டம்... அந்த சீசனில் 38 ஆட்டம், 38 வெற்றி!

கோச்சை மாற்ற ஒரு கையெழுத்து போதும். சாம்பியன் அணியை உருவாக்க ஸ்டேலிக்கே 9 வருடங்கள் தேவைப்பட்டன.