நேர்த்திக்கடன் இல்லாமலும் போகலாம்



மாசி பிறந்தால் நம் பத்திரிகை அலுவலகத்துக்கு வரும் கடிதங்களில் மண்டைக்காடு, மாசி மகம், மயானக் கொள்ளை என்று திருவிழாக் களை கூடிவிடும். இந்த முறை வந்தவற்றில் ஒன்றைத் தனியாக எடுத்து வைத்தேன். எழுதியவர் நெல்லைப் பக்கத்துச் சிற்றூர்க்காரர். பிள்ளைகள் வேலைக்கென்று வெளியூர் போய்விட்டார்கள். திருவனந்தபுரம் ஆற்றுக்கால் பொங்காலைக்குப் போக வேண்டும் என்பது அவருக்குப் பல வருட ஆசை. கூட வர ஆள் இல்லை. கேள்வியை அவர் எழுதியபடியே தருகிறேன்: “எனக்கு நேர்த்திக்கடன்னு எதுவும் இல்லை மேடம். பொங்கல் வைக்கக்கூட வேண்டாம். அத்தனை பொம்பளைங்க ஒரே நேரத்துல ரோட்டுல அடுப்பு பத்த வைக்கிறதை ஒரு தடவை கண்ணால பாக்கணும். வீட்ல சொன்னா ‘எதுக்கு?’ங்காவ. பதில் சொல்லத் தெரியலை. தனியா போகலாமா?”

போகலாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

போகாதவர்களுக்காக அந்த நாளைப் பற்றிக் கொஞ்சம். மலையாளக் கும்ப மாதத்தில், அதாவது நம் மாசியில், ஆற்றுக்கால் பகவதி கோயிலில் பத்து நாள் திருவிழா. ஒன்பதாம் நாள், பூர நட்சத்திரத்தில் பொங்காலை. கோயில் வளாகம் முதல் நாளே நிரம்பிவிடும். அப்புறம் கிழக்கேக்கோட்டை, தம்பானூர், பாளையம் என்று பல கிலோமீட்டருக்குத் தெருவின் இரு பக்கமும் மூன்று மூன்று செங்கல்லாக அடுப்புகள். அவற்றின் மேல் மண்பானை, பக்கத்தில் தென்னம்பாளை, பச்சரிசி, வெல்லம், தேங்காய். காலையிலிருந்து எல்லோரும் காத்திருப்பார்கள். கோயிலில் தோற்றம் பாட்டுக்காரர்கள் கண்ணகியின் கதையைப் பாடிக்கொண்டே வந்து, பாண்டியன் மடியும் இடத்தை எட்டியதும் பூசாரிகள் கருவறை விளக்கிலிருந்து தீ எடுத்து, கோயில் அடுப்பையும் பிறகு வெளியே உள்ள பண்டார அடுப்பையும் பற்ற வைப்பார்கள். செண்டை முழங்கும், வெடி போடுவார்கள், குலவை எழும். பிறகு அடுப்பிலிருந்து அடுப்புக்குத் தீ கைமாறிப் போகும். கோயிலையே பார்க்க முடியாத ஏதோ ஒரு சந்தில் உட்கார்ந்திருப்பவளுக்கும் பக்கத்து அடுப்புக்காரியிடமிருந்து அது வந்து சேர்ந்துவிடும்.

1997இல் ஒரே நாளில் 15 லட்சம் பெண்கள் கூடினார்கள் என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 2009இல் 25 லட்சம் என்று அந்தக் கணக்கு திருத்தப்பட்டது. ‘பெண்களின் சபரிமலை’ என்றும் சொல்கிறார்கள். (அந்தப் பட்டத்துக்கு நம் மண்டைக்காட்டம்மனும் உரிமைக்காரி. நான் அந்தப் பஞ்சாயத்துக்குள் போகவில்லை.)

கடிதத்தைப் படித்தபோது என்னைச் சிரிக்க வைத்தது வேறொன்று. தனியாகப் போகலாமா என்று கேட்கிறாரே, அந்தக் கோயிலே தனியாக வந்த ஒரு பெண்ணின் கதைதான். கிள்ளியாற்றில் குளித்துக்கொண்டிருந்த முல்லுவீட்டுப் பெரியவரிடம் சின்னப் பெண் ஒருத்தி வந்து, அக்கரைக்குக் கொண்டுபோய் விடச் சொல்கிறாள். அவரும் கடத்தி விட்டு வீட்டுக்கு அழைத்துப் போகிறார். உபசரிப்பதற்குள் ஆளைக் காணோம். இரவு கனவில் வந்து, தனக்குக் கோயில் கட்ட வேண்டிய இடத்தைச் சொல்கிறாள். அவள் கண்ணகி என்பது அந்த ஊரின் நம்பிக்கை. மதுரையை விட்டுக் கொடுங்கல்லூர் போகும் வழியில் இங்கே தங்கினாளாம்.

நம் சிலம்பில் வரும் கண்ணகியை நினைத்துப் பாருங்கள். புகாரிலிருந்து வரும்போது கணவன் கூட இருக்கிறான், துணைக்குக் கவுந்தியடிகள் என்ற பெண் துறவியும் இருக்கிறார். மதுரைக்குக் கீழை வாயில் வழியாகக் கணவனோடு வந்தவள், மேலை வாயில் வழியாக ஒற்றை ஆளாக வெளியேறுகிறாள். வைகைக் கரையோடு மேற்கே நடந்து மலையேறி வேங்கை நிழலில் நிற்கிறாள். பதினான்காம் நாள் வானவூர்தி வருகிறது. இடையில் மலைக்குறவர்கள் அவளைக் கண்டு நீ யாரம்மா என்று கேட்கிறார்கள், சொல்கிறாள். தனியாக எதற்கு வந்தாய் என்று அதட்டியவர்கள் யாரும் அந்தக் காட்சியில் இல்லை.

நம் வாசகியின் வீட்டில் கேட்டிருக்கும் அந்த ‘எதுக்கு?’ இருக்கிறதே, அதைச் சும்மா விட எனக்கு மனசில்லை. மும்பைப் பெண்களையும் தெருக்களையும் பற்றி ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே மூவரும் சேர்ந்து 2011இல் ‘ஒய் லாய்ட்டர்?’ என்று ஒரு புத்தகம் எழுதினார்கள். ஆண் தெருமுனையில் வேலை எதுவும் இல்லாமல் நிற்கலாம். பெண் நின்றால் காரணம் வேண்டும். பஸ்ஸுக்கு, ரேஷனுக்கு, பிள்ளையைப் பள்ளியிலிருந்து கூட்டிவர, அல்லது சாமி கும்பிட. கையில் ஒரு பையாவது தொங்க வேண்டும். காரணமே இல்லாமல் பொது இடத்தில் இருப்பதும் பெண்ணின் உரிமைதான் என்பது அவர்கள் வாதம்.

பொங்காலையை இந்தக் கண்ணோடு பார்த்தால் கொஞ்சம் நெருடும். தலைநகரத்தின் நடுரோட்டில் ஒரு பகல் முழுக்கக் காலை நீட்டி உட்கார நமக்கு இடம் கிடைத்திருப்பது அடுப்பைக் கொண்டுபோனதால். அங்கேயும் சமையல்தான் செய்கிறோம்! அதே ரோட்டில் மறுநாள், பானை இல்லாமல், ஒருத்தி அதே இடத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எத்தனை பேர் திரும்பிப் பார்ப்பார்கள்? பக்தியைக் குறைத்துச் சொல்லவில்லை. நோய் தீர வேண்டி மண்டைப்புட்டு அவிப்பவளின் முகத்தை அருகில் பார்த்தவர் யாரும் குறைத்துச் சொல்ல மாட்டார்கள். ஆனால் பார்க்க ஆசை என்பதே ஒரு பெண் வீட்டை விட்டுக் கிளம்பப் போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன். தேர் பார்க்கப் போகும் ஆண்களிடம் யாரும் நேர்த்திக்கடன் கணக்குக் கேட்பதில்லை.

நான் போயிருந்தபோது ஒரு வங்கிக் கட்டடத்தின் வாசற்படியில் இடம் கிடைத்தது. அடுப்பு வைக்காமல் உட்கார்ந்திருந்த என்னைப் பக்கத்தில் இருந்த மார்த்தாண்டத்துக்காரம்மா ஏற இறங்கப் பார்த்தார். “ஒத்தைக்கா வந்திய?” ஆமாம் என்றேன். “நல்லதாப் போச்சு. இந்தப் பானையப் பாத்துக்கிடுங்க, நான் கக்கூஸுக்குப் போயிட்டு வந்திருதேன்.” வரிசை நீளம் போல, வெகுநேரம் கழித்துத்தான் வந்தார். அதற்குள் அவர் பானை பொங்கிவிட்டது, நான் குலவை போடத் தெரியாமல் முழித்தேன், பின்னால் இருந்த கல்லூரிப் பெண்கள் எனக்காகப் போட்டார்கள். திரும்பி வந்தவர் தெரளிக் கொழுக்கட்டை ஒன்றை என் கையில் வைத்துவிட்டு, அடுத்து வேறொருத்தியின் பானைக்கு என்னைக் காவல் போட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருவில் நான் தனியாள் என்பது எனக்கே மறந்துபோனது.

அந்தக் கழிப்பறை வரிசையைப் பற்றி இன்னும் பேச வேண்டும். அதற்கு முன் ஒன்று. தனியாகப் பயணம் போகும் பெண் என்றதும் நம் பத்திரிகைகள் (இதையும் சேர்த்துத்தான்) உடனே ‘தைரியம்’ என்று தலைப்பு வைத்துவிடுகின்றன. ஆற்றுக்காலில் பல லட்சம் பேர் ஒரு பகலைக் கழித்துவிட்டு வீடு திரும்புவதில் தைரியத்தின் பங்கு சொற்பம். ஊருக்கு உள்ளூர் விடுமுறை விடுகிறார்கள். ரயில்வேயும் கேரள அரசுப் போக்குவரத்துக் கழகமும் சிறப்பு வண்டி விடுகின்றன. பெண் போலீஸார் தெருத் தெருவாக நிற்கிறார்கள். குடியிருப்போர் சங்கங்கள் தண்ணீரும் மோரும் சோறும் கொடுக்கின்றன. முன்பின் தெரியாத வீட்டுக்காரர்கள் கேட்டைத் திறந்து குளியலறையைக் காட்டுகிறார்கள். மணக்காடு பள்ளிவாசல் வளாகம் வண்டி நிறுத்தவும் இளைப்பாறவும் திறந்திருக்கிறது. மாலையில் மாநகராட்சி ஆட்கள் தெருவைக் கழுவிவிட்டு, மிஞ்சிய செங்கற்களைப் பொறுக்கிச் சேர்த்து ஏழைகளின் வீடு கட்டக் கொடுத்திருக்கிறார்கள்.

இவ்வளவு செய்தும் கழிப்பறை போதவில்லை. தற்காலிகக் கழிப்பறைகள் வைக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு அது எந்த மூலைக்கு? விடியற்காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் வெயிலிலும் புகையிலும் உட்கார்ந்திருக்கும் பெண்களைப் பார்த்தேன். உலகத்தின் மிகப் பெரிய பெண்கள் கூட்டம் என்று பெருமைப்படும் இடத்தில் முதலில் எண்ண வேண்டியது அதைத்தான்.

ஆணும் பெண்ணும் கலந்து நிற்கும் தெருவிழாக்களில் கதை வேறு. ரியோ டி ஜெனிரோ கார்னிவலில் 2017இல் பெண்கள் சிலர் சேர்ந்து, ‘வேண்டாம் என்றால் வேண்டாம்’ என்று எழுதிய தற்காலிகப் பச்சையை உடம்பில் ஒட்டிக்கொண்டு ஆட ஆரம்பித்தார்கள். மறு ஆண்டே, சம்மதமில்லாமல் தொடுவது போன்ற சீண்டல்களைத் தனிக் குற்றமாக்கிப் பிரேசில் சட்டம் போட்டது. ஒன்று முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. பச்சை ஒட்டியதால்தான் சட்டம் வந்தது என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டுமே தேவைப்பட்டிருக்கின்றன.

சரி, நம் வாசகிக்கு. முதல் நாளே போய்விடுங்கள். நாகர்கோவிலிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான் என்றாலும், பொங்காலையன்று காலை வண்டிகளில் கால் வைக்க இடம் இருக்காது. தங்கும் அறையை வாரக்கணக்கில் முன்பே பதிவு செய்ய வேண்டும். ‘ஒரு ஆளா?’ என்று இழுக்கும் விடுதி என்றால் வாக்குவாதம் செய்துகொண்டிருக்காதீர்கள், அடுத்ததைப் பாருங்கள். விடுதியின் பெயரையும் போன் நம்பரையும் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வையுங்கள். அந்தக் கூட்டத்தில் செல்போன் சிக்னலை நம்ப முடியாது. ஜிபே வேலை செய்யாது என்று நினைத்துக்கொண்டு சில்லறையாகப் பணம் எடுத்துப் போங்கள். அதையும் இரண்டு இடத்தில் வையுங்கள். தாலிச் சங்கிலியைக் கழற்றுவதா என்று யோசிக்கிறவர்களுக்கு: மஞ்சள் கயிறு எதற்கு இருக்கிறது? சங்கிலி அறுப்பைப் பற்றி போலீஸார் ஆண்டுதோறும் எச்சரிக்கிறார்கள். நைலான் புடவை, சிந்தெடிக் சுடிதார் கூடவே கூடாது. நாலு பக்கமும் நெருப்பு.

கோயில் வாசலுக்குத்தான் போவேன் என்று பிடிவாதம் வேண்டாம். பார்க்கத்தானே போகிறீர்கள்? காலையில் தீ வைப்பதற்கு முன்பே கிழக்கேக்கோட்டைப் பக்கம் நடந்து பார்த்துவிட்டு, ஏதாவது படிக்கட்டில் நிழலாக உட்கார்ந்துவிடுங்கள். தீ பற்றிய பிறகு புகையில் கண் திறக்க முடியாது, கால் வைக்க வழியும் இருக்காது. பொங்கி முடிந்து, பூசாரிகள் வந்து தீர்த்தம் தெளித்த பிறகு எல்லோரும் ஒரே சமயத்தில் பானையோடு எழுந்து பஸ்ஸுக்கு ஓடுவார்கள். நீங்கள் ஓடாதீர்கள். அறைக்குப் போய்த் தூங்கிவிட்டு மறுநாள் காலை வண்டியைப் பிடியுங்கள். ஒரு நாள் கூடப் போனால் வீடு இடிந்துவிடாது. ஏதாவது பிரச்சினை என்றால் 112, ரயிலில் 139.

இது ஆற்றுக்காலுக்கு மட்டுமான சேதி இல்லை. எந்தக் கூட்டத்திலும் நெரிசல் இறுகுவது தெரிந்தால் எதிர்த்து நிற்காமல், இரண்டு கைகளையும் மார்புக்கு முன்னால் மடக்கி மூச்சுக்கு இடம் வைத்துக்கொண்டு, கூட்டம் போகும் போக்கிலேயே கொஞ்சம் கொஞ்சமாக ஓரத்துக்கு நகருங்கள். செருப்பு கழன்றால் குனியாதீர்கள். போனால் போகட்டும். 2022இல் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிய அன்று வைகையில் நெரிசலில் இருவர் இறந்தது நமக்கு மறந்திருக்காது.

அழகரைச் சொன்னதும் ஒன்று சொல்லி முடிக்கிறேன். சித்திரைத் திருவிழாவுக்கு இன்னும் நாள் இருக்கிறது. உங்களில் பலர் மீனாட்சி கல்யாணத்துக்கும், மாசி வீதித் தேருக்கும், தல்லாகுளம் எதிர்சேவைக்கும் போவீர்கள். சிலர் தனியாகவே போவீர்கள். இந்த முறை போகும்போது மூன்று விஷயங்களைப் பார்த்துவைத்து எங்களுக்கு எழுதுங்கள்: பெண்கள் கழிப்பறை எந்தெந்த இடத்தில் இருந்தது, தண்ணீரும் தாழ்ப்பாளும் இருந்ததா; ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல் உங்கள் ஊருக்குப் பஸ் கிடைத்ததா, எங்கே நின்று ஏறினீர்கள்; நீங்கள் நின்ற இடத்தில் விளக்கு எரிந்ததா. தெருப் பெயரோடு எழுதினால் நல்லது. வருகிற கடிதங்களைத் தொகுத்து வைகாசி இதழில் வெளியிடுகிறோம். ஒரு பிரதியை மதுரை மாநகராட்சிக்கும் அனுப்பிவைப்போம்.

அன்புடன்,
ஆசிரியர்