கடைசிப் பிள்ளையார் யாருக்கு?

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு 'ஆன்லைன் ஆர்டர் வெப்சைட்'னு பேர் குடுத்தாச்சா? அப்போ ஹாஸ்டல்ல பட்டிமன்றம் ஆரம்பிச்சிருக்குமே! "மைஎஸ்க்யூஎல்தான் டாப்பு", "போடா, போஸ்ட்கிரெஸ் மாதிரி வருமா?", "மாங்கோ டிபி தெரியாதா உனக்கு?"னு ரசிகர் மன்றம் ரேஞ்சுக்கு மோதிக்குவாங்க. ஒரு நிமிஷம் பாஸ்! முதல்ல கடையைப் பாருங்க. டேட்டாபேஸ் அப்புறம்.

கள்ளக்குறிச்சியையே எடுத்துக்குவோம். இந்த ஊர் மரச்சிற்பத்துக்கு 2021-ல புவிசார் குறியீடு கிடைச்சது. கையால செதுக்கற சரக்கு. அச்சு அசலா இன்னொண்ணு ரெடியா இருக்காது. ஸ்டாக்: 1. அந்தப் பிள்ளையாரை சென்னையில ஒருத்தரும் சிங்கப்பூர்ல ஒருத்தரும் ஒரே நொடியில க்ளிக் பண்றாங்கன்னு வெச்சுக்குங்க. 'ஸ்டாக் இருக்கா?'னு உங்க புரோகிராம் ரெண்டு தடவை பார்க்குது. ரெண்டு தடவையும் 'இருக்கு'னு பதில். ரெண்டு பேர்கிட்டயும் பணம் வாங்கியாச்சு. பிள்ளையாரோ ஒருத்தர்தான்! கடைசியில திட்டு வாங்கறது யாரு? உளி பிடிச்ச சிற்பி.

இதுக்கு மருந்து 'டிரான்ஸாக்ஷன்'. ஸ்டாக்கைக் குறைக்கறது, ஆர்டரை எழுதறது ரெண்டும் சேர்ந்தே நடக்கணும். நடுவுல கரன்ட் போச்சா? ரெண்டுமே நடக்கலைன்னு ஆயிடணும். 'ஸ்டாக் 0-க்கு மேல இருந்தா மட்டும் குறை'ங்கிற நிபந்தனையை அந்த அப்டேட் கட்டளைக்குள்ளயே எழுதுங்க. முந்தினவருக்குச் சிலை, அடுத்தவருக்கு 'ஸாரி'. பணம் கேக்கறது இதுக்கு அப்புறம்தான்.

இப்போ பட்டிமன்றத்துக்கு வருவோம்.

மைஎஸ்க்யூஎல்: சாதாரண ஹோஸ்டிங்லயே கூட வரும். ஆனா, பழைய 'மைஐசாம்' டேபிள்ல டிரான்ஸாக்ஷனே கிடையாது. 2010-ல வந்த 5.5 வெர்ஷன்லதான் 'இன்னோடிபி' தானாவே அமையற மாதிரி மாத்தினாங்க. பழைய புக்கைப் பார்த்து காப்பி அடிக்கறவங்க உஷார்!

போஸ்ட்கிரெஸ்: 1986-ல பெர்க்லி யுனிவர்சிட்டியில ஆரம்பிச்ச ஆராய்ச்சியோட வாரிசு. கண்டிப்பான வாத்தியார் மாதிரி. தப்பான டேட்டாவை சுலபத்துல உள்ளே விடாது. சொந்த சர்வர் இருந்தா தாராளமா இதுக்குப் போகலாம்.

எஸ்க்யூலைட்: 2000-ல ரிச்சர்ட் ஹிப் எழுதினது. மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல்ல அடங்கிடும்; தனி சர்வர் வேண்டாம். ஒரு நேரத்துல ஒருத்தர்தான் எழுத முடியும். இருந்தாலும், நாளைக்கு 1 லட்சம் ஹிட்டுக்குக் கீழே வர்ற சைட்டுக்கு இது போதும்னு அதை உருவாக்கினவங்களே சொல்றாங்க. நாளைக்கு அம்பது ஆர்டர் வர்ற கடைக்கு இது எக்கச்சக்கம்!

மாங்கோ டிபி ரசிகர்கள் கோச்சுக்க வேண்டாம். ஒண்ணுக்கு மேற்பட்ட டாகுமென்ட்டை ஒரே டிரான்ஸாக்ஷன்ல மாத்தற வசதி அதுக்கும் 2018-ல வந்துடுச்சு. ஆனா, பொருள், ஆர்டர், வாடிக்கையாளர்னு ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடக்கற கணக்குக்கு டேபிள்தான் வசதி.

எதை எடுத்தாலும் இன்னொரு விஷயம் இருக்கு. கல்வராயன் மலைத் தேன் விக்கற கடைன்னு வெச்சுக்குங்க. வெள்ளிமலை பஸ்ல போயிட்டே ஒருத்தர் ஆர்டர் பட்டனை அமுக்கறார், சிக்னல் கட். போச்சோ இல்லையோன்னு மறுபடி அமுக்கறார். ஒரு பாட்டில் கேட்டவருக்கு ரெண்டு பாட்டில் பார்சல்! ஒவ்வொரு ஆர்டர் ஃபார்முக்கும் தனி நம்பர் குடுத்து, அதே நம்பர் ரெண்டாவது தடவை வந்தா டேபிளே மறுக்கற மாதிரி 'யுனிக்'னு போட்டுடுங்க.

கடைசியா, பேக்கப். தினமும் ராத்திரி ஒரு காப்பி, வேற மெஷின்ல. மாசம் ஒரு தடவை அந்தக் காப்பியைத் திரும்ப ஏத்திப் பாருங்க. திறக்காத பேக்கப்பை நம்பறது, திறந்து பார்க்காத பூட்டுக்குச் சாவி இருக்குன்னு சொல்ற மாதிரி!

வைவா முடிஞ்சதும் நீங்க பெங்களூரு பஸ் ஏறிடுவீங்க. கடை அங்கேயேதான் இருக்கும். நீங்க போனப்புறம் உள்ளூர்ல வேற ஒரு பையனோ பொண்ணோ திறந்து சரி பண்ண முடியுமா? கடைக்காரர் வாடிக்கையாளருக்குக் குடுத்த வாக்கை அது காப்பாத்துமா? இந்த ரெண்டு கேள்விக்கும் 'ஆமா'னு வர்ற டேட்டாபேஸை எடுங்க. பட்டிமன்றத் தீர்ப்பு அவ்வளவுதான் மக்களே!