திங்கட்கிழமை இரவின் மல்லர்கள்

அமெரிக்காவின் மின்னெசோட்டா மாகாணத்தில், புளூமிங்டன் என்னும் ஊரில், 'மால் ஆஃப் அமெரிக்கா' என்றொரு பிரம்மாண்டமான அங்காடி வளாகம் இருக்கிறது. 1995 செப்டம்பர் 4, திங்கட்கிழமை இரவு, அந்த வளாகத்தின் நடுக்கூடத்தில் மேடையிட்டுக் கயிறு கட்டி, மேல்மாடிகளின் கைப்பிடிகளில் சாய்ந்தபடி ஜனங்கள் எட்டிப் பார்க்க, டெட் டர்னருடைய டி.என்.டி. தொலைக்காட்சி ஒரு மல்யுத்த நிகழ்ச்சியைத் தொடங்கிற்று. டபிள்யூ.சி.டபிள்யூ. கம்பெனி நடத்திய அந்நிகழ்ச்சியின் பெயர் 'மண்டே நைட்ரோ'. அன்று அந்நாட்டில் தொழிலாளர் தினம். முதல் ஆட்டத்தில் மோதியவர்கள் அமெரிக்கரான பிரையன் பில்மனும், முகமூடி தரித்த ஜப்பானிய வீரரான ஜூஷின் லைகரும். ஐந்தரை ஆண்டுகள் வாரந்தோறும் நடந்த அந்நிகழ்ச்சியைத் திரும்பிப் பார்க்கையில், பின்னால் வந்த ஆரவாரங்களையெல்லாம் தள்ளிவிட்டு, சிறிய உடலமைப்புடைய அவ்விருவரிடமே என் நினைவு போய் நிற்கிறது.

இவ்விளையாட்டைப் பற்றிப் பேச வாயெடுத்தால் உடனே எழும் ஆட்சேபம் ஒன்றுண்டு: வெற்றி தோல்வி முன்கூட்டியே நிச்சயிக்கப்பட்டவை, ஆகவே எல்லாம் பொய்ச்சண்டை என்பது. நிச்சயிக்கப்பட்டவை என்பது மெய்தான். ஆனால் பதினெட்டாம் போரில் துரியோதனன் தொடை பிளந்து விழுவான் என்பதை அறியாமலா நம் ஊர்களில் ஜனங்கள் விடியும்வரை கண்விழித்துக் கூத்துப் பார்க்கிறார்கள்? முடிவை நோக்கிச் செல்லும் வழியில் ஆடுபவன் தன் சரீரத்தையும் சிரத்தையையும் எவ்வளவு ஈடு வைக்கிறான் என்பதைக் கொண்டே அத்தகைய கலையை மதிப்பிட வேண்டும். மல்யுத்த மேடையின் தளம் எஃகுச் சட்டமும் மரப்பலகையும் மெல்லிய மெத்தையும் கொண்டது. கயிற்றின் உச்சியிலிருந்து பாய்ந்து அதன்மேல் முதுகு பட விழுபவனுக்கு, அன்றைய ஆட்டத்தில் தோற்க வேண்டியவன் நீ என்று முன்பே சொல்லி வைத்திருப்பதனால் வலி குறைந்துவிடுவதில்லை. எதிராளியின் கழுத்துக்குச் சேதம் வராமல் அவனைத் தூக்கி எறிவதும், எறிந்தவனுடைய கௌரவம் கெடாமல் தான் விழுவதும், இவ்விரண்டையும் பதினாயிரம் பேர் முன்னிலையில் ஒத்திகை இல்லாத வேகத்தில் செய்து காட்டுவதும் பல்லாண்டுப் பயிற்சியால் வருவன. பொய் என்று ஒற்றைச் சொல்லில் ஒதுக்குபவர்கள் இந்த உழைப்பைக் காணாமலே ஒதுக்குகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

நைட்ரோவை நடத்திய எரிக் பிஷாஃப் யுக்தி மிகுந்தவர். அதே திங்கட்கிழமை இரவில் வின்ஸ் மக்மானுடைய டபிள்யூ.டபிள்யூ.எஃப். கம்பெனி 1993 முதலே 'ரா' என்னும் நிகழ்ச்சியை நடத்திவந்தது. ஆனால் அதிற் பெரும்பகுதி ஒரே நாளில் சில வாரங்களுக்குச் சேர்த்துப் படம்பிடித்து வைத்துக்கொண்டது. நைட்ரோவோ வாரந்தோறும் நேரடி ஒளிபரப்பாக வந்தது. நேற்றுவரை போட்டிக் கம்பெனியில் ஆடிக்கொண்டிருந்த லெக்ஸ் லூகர் இன்று இங்கே நடந்து வருகிறார் என்றால், அடுத்த கணம் என்ன நிகழும் என்று யாராலும் சொல்ல முடியாதல்லவா? 1996 மே 27 அன்று ஜார்ஜியா மாகாணத்து மேக்கன் நகரில், அதுவரை போட்டிக் கம்பெனியின் மல்லராயிருந்த ஸ்காட் ஹால், சாதாரண உடுப்போடு ஜனக்கூட்டத்தின் நடுவிலிருந்து எழுந்து வந்து மேடையேறியபோது, இது கதையா மெய்யா என்ற சந்தேகம் பார்த்தவர்களைப் பற்றிக்கொண்டது. அந்தச் சந்தேகமே நைட்ரோவின் மூலதனம். ஜூலை 7-ஆம் தேதி டேட்டோனா பீச்சில் நடந்த விசேஷ ஆட்டத்தில், குழந்தைகளின் ஆதர்ச புருஷராக அதுகாறும் விளங்கிய ஹல்க் ஹோகன் வில்லன் பக்கம் சேர்ந்தார். அந்த வேனிற்காலம் தொடங்கி 83 வாரங்கள், இடையறாமல், நைட்ரோவுக்கே பார்வையாளர் அதிகம்.

ஹோகனைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல விரும்புவது அதற்கு மறுநாளைப் பற்றி. ஜூலை 8-ஆம் தேதி ஓர்லாண்டோவில் நடந்த நைட்ரோவில், தேசமெல்லாம் ஹோகனுடைய துரோகத்தைப் பேசிக்கொண்டிருந்த அதே இரவில், ஐந்தரை அடி உயரமே உடைய 21 வயது இளைஞர் ஒருவர், டீன் மலென்கோவை வென்று இலகு எடைப் பிரிவின் பட்டத்தைக் கைக்கொண்டார். அவர் பெயர் ரே மிஸ்டீரியோ. எல்லைக்கு அப்பால் டிஹுவானாவில் தம் மாமனிடம் தொழில் கற்றவர்; மெக்சிகோவின் சம்பிரதாயப்படி முகமூடி அணிந்தவர். கயிற்றின்மேல் கால் வைத்து அவர் எம்பும்போது எலும்பும் தசையும் உள்ள மனிதர் என்பதை மறந்துவிடத் தோன்றும். மலென்கோவோ, முகத்தில் ஒரு சலனமும் இன்றி, எதிராளியின் முழங்காலைப் பிடித்து முறுக்குவதையே ஒரு சாஸ்திரமாக ஆக்கியவர். இவர்களோடு எடி கெரேரோ, ஜப்பானிலிருந்து வந்த அல்டிமோ டிராகன், ஹுவெந்தூத் கெரேரா, கிறிஸ் ஜெரிகோ என்று ஒரு பெரிய கோஷ்டியே வாரந்தோறும் நிகழ்ச்சியின் முற்பாதியைத் தாங்கிற்று. பெரிய நட்சத்திரங்கள் இறுதியில் வந்து பேசிவிட்டுப் போவதற்கு முன்னால், அரங்கத்தைச் சூடேற்றி ஜனங்களை இருக்கையின் விளிம்புக்குக் கொண்டுவந்தவர்கள் இவர்கள். ஆயினும் விளம்பரத்திலும் ஊதியத்திலும் முதலிடம் இவர்களுக்குக் கிடைக்கவில்லை. சிறியவர்கள் முதன்மைப் பட்டத்துக்கு உரியவர் அல்லர் என்பதே நிர்வாகத்தின் அசையாத கொள்கையாக இருந்தது.

அந்நிகழ்ச்சி எந்த இரவில் வீழ்ந்தது என்று கேட்டால், 1999 ஜனவரி 4 என்று தயங்காமல் சொல்வேன். அன்று ராவில் ஒளிபரப்பாக இருந்தது, ஆறு நாட்களுக்கு முன்பே வூஸ்டர் நகரில் படம்பிடித்த ஆட்டம். அதில் மிக் ஃபோலி முதன்முறையாக உலகப் பட்டம் வென்றிருந்தார். அழகோ கட்டுடலோ இல்லாமல், அடி வாங்கியே பெயர் பெற்ற மனிதர் அவர். அதற்கு ஆறு மாதம் முன்பு பிட்ஸ்பர்க்கில் 16 அடி உயரக் கூண்டின் மேலிருந்து கீழே வீழ்த்தப்பட்டவர். பதிவுசெய்த நிகழ்ச்சியின் முடிவை முந்திக்கொண்டு சொல்லிவிடுவது பிஷாஃபின் பழைய தந்திரம். அதன்படியே அன்றும், அவருடைய உத்தரவின் பேரில், வர்ணனையாளர் டோனி ஷியவோனி, ஃபோலி வெல்லப் போகிறார் என்பதை அறிவித்து, அரங்கு நிறைக்க நல்ல வழிதான் என்ற பொருளில் பரிகாசமும் செய்தார். என்ன நடந்தது? இலட்சக்கணக்கானோர் அக்கணமே ராவுக்கு மாறினார்கள். முடிவு தெரிந்துவிட்டதனாலேயே, அந்த முடிவு எப்படி நிகழ்கிறது என்று கண்ணாரக் காண விரும்பிப் போனார்கள்! கூத்துக்களத்தில் அமர்பவர்களுக்கும் அவர்களுக்கும் உள்ளத்தால் வேற்றுமை இல்லை.

அதே இரவில், அட்லாண்டாவின் ஜார்ஜியா டோம் அரங்கில், பல்லாயிரம் பேர் பணம் கொடுத்து வந்து காத்திருக்க, நைட்ரோவின் முதன்மை ஆட்டத்தில் ஹோகன் தம் ஒரு விரலால் கெவின் நாஷின் மார்பைத் தொட்டார், ஏழடிக்குச் சற்றே குறைந்த அந்த மல்லர் மல்லாந்து விழுந்தார், பட்டம் கைமாறியது. இதைத்தான் நான் பொய் என்பேன். சரீரத்தை ஈடு வைத்தவரை ஒரு நிகழ்ச்சி பரிகசித்துவிட்டு, அதே மணிநேரத்தில் உழைப்பே இல்லாத ஒன்றை உச்சக்கட்டம் என்று ஜனங்கள் முன் வைத்தது. அதன்பின் ஒரு திங்கட்கிழமையிலும் நைட்ரோ ராவை மிஞ்சவில்லை.

பிறகு நடந்தவை அந்த மனோபாவத்தின் தொடர்ச்சியே. பிப்ரவரியில் ஓக்லண்டில் மிஸ்டீரியோவின் முகமூடியைக் கழற்ற வைத்தார்கள். மெக்சிகோவின் மல்லர் மரபில் முகமூடி என்பது முகத்தினும் மேலானது; பெரும் பகையின் உச்சத்தில் மட்டுமே இழக்கத்தக்கது. 1999-இல் ஜெரிகோ வெளியேறினார். 2000 ஜனவரியில் கெரேரோவும் மலென்கோவும் வேறு இருவரும் ஒருசேர விலகி, அம்மாத முடிவிலேயே ராவின் அரங்கில் போய் அமர்ந்தார்கள். டர்னருடைய தொலைக்காட்சியைத் தன்வசம் வைத்திருந்த டைம் வார்னர், ஏ.ஓ.எல். நிறுவனத்தோடு இணைந்தபின் வந்த புதிய அதிகாரிகளுக்கு மல்யுத்தத்தில் சிரத்தை இல்லை. ஒளிபரப்பு நேரத்தையே ரத்து செய்துவிட்டார்கள். நேரமில்லாத கம்பெனியை மக்மான் வாங்கினார். 2001 மார்ச் 26 அன்று ஃபுளோரிடாவின் பனாமா சிட்டி பீச்சில் ஸ்டிங்கும் ரிக் ஃபிளேரும் மோதியது நைட்ரோவின் கடைசி ஆட்டம். முதல் இரவில் மோதிய இணைகளுள் அதுவும் ஒன்று.

சிறியவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களுள் எடி கெரேரோ 2004-இல் மக்மான் கம்பெனியின் முதன்மைப் பட்டத்தை வென்றார். 2006-இல், முகமூடியை மீண்டும் அணிந்துகொண்டிருந்த மிஸ்டீரியோ, உலகச் சாம்பியனாகி, அந்த வெற்றியைத் தம் நண்பர் எடிக்கு அர்ப்பணித்தார். எடி அப்போது உயிரோடு இல்லை. 2005 நவம்பரில், மினியாபொலிஸ் நகரத்து விடுதியொன்றில், 38-ஆம் வயதில், இருதய நோயால் இறந்துபோயிருந்தார்.

பில்மனுடைய கதை அதற்கும் முந்தியது. 1996-இல் கார் விபத்தில் கணுக்கால் நொறுங்கிய பின்னரும், வேறு கம்பெனிக்கு மாறி, அவர் மேடையேறிக்கொண்டே இருந்தார். 1997 அக்டோபர் 5 அன்று, செயின்ட் லூயிஸ் நகரில் மிக் ஃபோலியோடு மோத வேண்டியிருந்த நாளில், விடுதி அறையில் இறந்து கிடக்கக் கண்டார்கள். இருதய நோய், வயது 35. அந்த விடுதி இருந்த ஊர், நைட்ரோவின் முதல் ஆட்டத்தை அவர் ஆடிய அதே புளூமிங்டன்.

அமெரிக்கத் தொலைக்காட்சி மல்லர்களை அவர்களுடைய கம்பெனிகள் தொழிலாளர் என்று ஏற்பதில்லை. சுயேச்சை ஒப்பந்தக்காரர் என்றே எழுதி வைத்திருக்கின்றன. ஆகவே சம்பளத்தோடு கூடிய மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியமும் பெரும்பாலோர்க்கு இல்லை, தொழிற்சங்கமும் இல்லை. பின்னாளில் மின்னெசோட்டாவின் ஆளுநரான ஜெஸ்ஸி வெஞ்சுரா, தாம் மல்லராயிருந்த 1986-லேயே சங்கம் அமைக்க முயன்றார், கைகூடவில்லை. இவ்விளையாட்டில் இப்போது புரளும் பணத்துக்கு முன்னால் அந்த மறுப்புக்கு ஒரு நியாயமும் கிடையாது. அவர்களைத் தொழிலாளர் என்று சட்டப்படி ஏற்று, காப்பீடும் ஓய்வூதியமும் வழங்கவேண்டும். வாரந்தோறும் பார்த்து மகிழ்ந்த நாம் இதைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள்.

அந்த முதல் இரவின் பதிவு அழியாமல் இருக்கிறது. அதைக் காணக் கிடைத்தால், ஹோகன் வரும் இடத்துக்கு விரைந்துவிடாமல், பில்மனும் லைகரும் ஆடும் தொடக்க ஆட்டத்தை முழுவதும் இருந்து பாருங்கள்.