வெற்றிடம் விட அஞ்சலாமா?

“புரியவில்லை, சிஸ்டர்” என்று சொல்ல நாம் அஞ்சுகிறோம். புரியாததை மனப்பாடம் செய்து மறைக்கிறோம். இது சரியா?

தனிம வரிசை அட்டவணையை வகுத்த மெண்டெலீஃப், தெரியாத தனிமத்துக்கு ஒரு கட்டத்தை வெறுமையாகவே விட்டார். அதன் அடர்த்தி ஏறத்தாழ 6 இருக்கும் என்று 1871-இல் கணித்துக் கூறினார். 1875-இல் பிரெஞ்சு அறிஞர் புவாபோட்ரான் அதைக் கண்டுபிடித்து, காலியம் எனப் பெயரிட்டார். அவர் அளந்ததோ 4.7. மெண்டெலீஃப் மறுக்கவே, உலோகத்தைத் தூய்மையாக்கி மீண்டும் அளந்தார், 5.9 வந்தது!

உள்ளங்கைச் சூட்டிலேயே உருகும் காலியம், இன்று சேர்மமாகி எல்.இ.டி. விளக்கில் ஒளி தருகிறது. கதிரியக்கக் காலியம்-68 சில புற்றுநோய்கள் இருக்குமிடத்தை மருத்துவருக்குக் காட்டுகிறது.

ஒருவர் தெரியாததை ஒப்புக்கொண்டார். மற்றவர் தவற்றைத் திருத்திக்கொண்டார். அப்பணிவால் விளைந்ததே இந்நன்மை. தோழியரே, இனி வகுப்பில் துணிந்து கேட்போம்!