மீதி ஏழு எங்கே போயிற்று?

பதினோராம் வகுப்பு வேதியியல் கணக்குகளில் மாணவர்கள் சீக்கிரம் கைவசப்படுத்திக்கொள்வது சதவீதக் கணக்குகளைத்தான். திரும்பக் கிடைத்த எடையை முதலில் எடுத்த எடையால் வகுத்து நூறால் பெருக்கினால் மீட்பு சதவீதம். கிடைத்த விளைபொருளைக் கோட்பாட்டின்படி கிடைக்க வேண்டிய அளவால் வகுத்து நூறால் பெருக்கினால் விளைச்சல் சதவீதம். விடையின் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடலாம். ஆனால் வேதியியல் தொடங்குவதே அந்த இரண்டு கோட்டுக்குக் கீழேதான். நூறு ஏன் வரவில்லை, மீதி எங்கே போனது என்று கேட்காத மீட்புக் கணக்கு, ஐந்தாம் வகுப்பு வகுத்தலுக்கு வேதியியல் சட்டை மாட்டிவிட்டதற்குச் சமம். வீட்டுப்பாடத்திலும் செய்முறைத் தேர்விலும் இந்தக் கேள்விக்கென்று தனி மதிப்பெண் வேண்டும்.

பள்ளி, கல்லூரி ஆய்வகங்களுக்குப் பழக்கமான பென்சாயிக் அமிலத்தையே எடுத்துக்கொள்வோம். 5 கிராம் அமிலத்தை 100 மி.லி. கொதிநீரில் கரைத்து, ஆறவிட்டு, படிந்த படிகங்களை வடிகட்டி உலர்த்தி எடைபோட வேண்டும். கொதிநீரில் முழுவதும் கரையும் இந்த அமிலம், 25 டிகிரிக்கு ஆறிய நீரில் லிட்டருக்கு ஏறத்தாழ 3.4 கிராம்தான் கரையும். அப்படியானால் 100 மி.லி. நீரில் 0.34 கிராம் கரைந்தபடியே தங்கிவிடும். அது வடிநீரோடு போய்விடும். ஒரு துளி சிந்தாமல், ஒரு படிகத்தைக் கூட வடிதாளில் விடாமல் செய்தாலும் கிடைக்கக்கூடியது 4.66 கிராம், அதாவது 93.2 சதவீதம். இந்தச் சூழலில் நூறு வருவதற்கு இயற்கையே இடம் தரவில்லை. சீக்கிரம் கரையட்டும் என்று ஒருவர் 200 மி.லி. நீர் ஊற்றியிருந்தால் உச்சவரம்பு 86.4 ஆகக் குறையும். இன்னொருவர் கரைசலைப் பனிக்கட்டியில் வைத்துக் குளிர்வித்திருந்தால் வரம்பு 96ஐத் தாண்டும். 5.2 கிராம் எடை காட்டி 104 சதவீதம் எழுதியவருக்கு அமிலம் பெருகிவிடவில்லை. படிகங்கள் சரியாகக் காயவில்லை, நீரையும் சேர்த்து எடை போட்டிருக்கிறார் என்பதே முதல் சந்தேகமாக இருக்க வேண்டும். கரைதிறன், வெப்பநிலை, கரைப்பானின் அளவு, உலர்த்தல் என்று ஒரு பாடம் முழுவதும் இந்த எண்களுக்குள் இருக்கிறது. அதைப் படிக்கச் சொல்லாமல் வகுக்க மட்டும் சொல்கிறோம்.

இதன் விளைவு மதிப்பெண் தராமல் விடுவதோடு நிற்பதில்லை. எதிர்பார்த்த எண்ணுக்கு எவ்வளவு பக்கத்தில் வந்தாய் என்பதற்கே மதிப்பெண் என்றால், எண்ணைப் பக்கத்தில் கொண்டுவரும் வழியை மாணவர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள். தரம்பார்த்தலில் பியூரெட் காட்டிய அளவை விட்டுவிட்டு, விடையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு அளவை எழுதும் வித்தை செய்முறை வகுப்புகளை அறிந்த யாருக்கும் புதிதல்ல. ரெக்கார்டு நோட்டில் மூன்று முறையும் ஒரே அளவு பளிச்சென்று நிற்கும். பிசகைக் குற்றமாக்கும் மதிப்பீட்டு முறை, பொய்யான அளவீட்டை நல்ல மாணவனின் அடையாளமாக்கிவிடுகிறது. நகைக்கடையில் சேதாரம் என்று போட்டால் எத்தனை சதவீதம், எதற்கு என்று விடாமல் கேட்கும் சமூகம் நாம். ஆய்வகத்தின் சேதாரத்தை மட்டும் யாரும் பார்க்காமல் மறைக்கப் பிள்ளைகளைப் பழக்குகிறோம்.

கணக்குப் பொருந்தாத இடத்தில் நின்று யோசித்ததால் அறிவியலுக்கு என்ன கிடைத்தது என்பதற்கு ராலே பிரபுவின் கதை சான்று. 1892ல் அவர் நைட்ரஜனின் அடர்த்தியை அளந்தபோது, காற்றிலிருந்து எடுத்த வாயு வேதிமுறையில் தயாரித்ததைவிடச் சற்றுக் கனமாக இருந்தது. அவர் எண்ணைத் திருத்தவில்லை. ‘நேச்சர்’ இதழில் எழுதி, காரணம் தோன்றினால் சொல்லுங்கள் என்று வாசகர்களைக் கேட்டார். முறையை மாற்றிச் செய்து பார்த்தபோது வேறுபாடு கூடியது: அதே கண்ணாடிக் கோளத்தில் ஒன்று 2.310 கிராம், மற்றது 2.299 கிராம். இருநூறில் ஒரு பங்குக்கும் குறைவான இந்த வித்தியாசத்தைத் துரத்திப் போய், வில்லியம் ராம்சேயும் அவரும் 1894ல் ஆர்கானைக் கண்டறிந்தார்கள். 1904ல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. இன்றைய உணவுப் பரிசோதனைக் கூடங்களிலும் மீட்புக் கணக்குதான் அன்றாட வேலை. மிளகாய்த்தூளில் தெரிந்த அளவு பூச்சிக்கொல்லியைச் சேர்த்து, பரிசோதனை முறை அதில் எவ்வளவைக் கண்டுபிடிக்கிறது என்று பார்ப்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் வழிகாட்டு நெறிகள் சராசரி மீட்பு 70 முதல் 120 சதவீதத்துக்குள் இருந்தால் முறையை ஏற்கின்றன. நூறுக்குக் குறைவதும் கூடுவதும் ஏன் என்று சொல்லத் தெரிந்தவருக்குத்தான் அங்கே வேலை.

முதலில் பிள்ளைகள் மோல் கணக்கையே ஒழுங்காகப் போடட்டும், காரணமெல்லாம் பிறகு என்று ஆசிரியர்கள் சொல்லலாம். அவர்கள் கவலை நியாயமானது. ஆனால் எந்த எண் வரலாம் என்ற உணர்வு கணக்கையும் திருத்தும். மில்லிகிராமையும் கிராமையும் குழப்பி 93,000 சதவீதம் எழுதும் மாணவர், விடையைப் பொருளோடு பார்க்கப் பழகியிருந்தால் தானே அடித்துத் திருத்துவார். காரணத்துக்கு மதிப்பெண் போடுவது திருத்துபவரின் மனப்போக்கைப் பொறுத்ததாகிவிடும் என்பது இன்னொரு ஆட்சேபம். இதற்குத் தெளிவான அளவுகோல் உண்டு: சொல்லும் காரணம் பிசகின் திசைக்கும் அளவுக்கும் பொருந்த வேண்டும். 104 சதவீதத்துக்கு ‘கொஞ்சம் சிந்திவிட்டது’ என்று எழுதினால் பூஜ்யம். சிந்தினால் குறையும், கூடாது. 60 சதவீதத்துக்கு ‘வடிதாளில் ஒட்டிக்கொண்டது’ என்றால் பாதி மதிப்பெண். இரண்டு கிராம் வடிதாளில் ஒட்டாது. பிசகுக்கும் மதிப்பெண் என்றால் அலட்சியம் வளராதா என்பார்கள். கைத்திறனுக்கு உரிய மதிப்பெண் அப்படியே இருக்கட்டும். காரணத்துக்கானது அதற்குப் பக்கத்தில் வரட்டும். ஆய்வக வசதி இல்லாத பள்ளிகளும் இதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. எடையையும் நீரின் அளவையும் வெப்பநிலையையும் கரைதிறனையும் கொடுத்து, காகிதத்திலேயே இந்தக் கேள்வியைக் கேட்கலாம்.

பாடநூல் எழுதுவோருக்கும் வினாத்தாள் தயாரிப்போருக்கும் வேண்டுகோள் சிறியதுதான். ஒவ்வொரு மீட்புக் கணக்கின் முடிவிலும் ‘இந்த எண் ஏன் வந்தது?’ என்று ஒரு வரி சேருங்கள். அதற்கு இரண்டு மதிப்பெண் ஒதுக்குங்கள். பார்த்த அளவை அப்படியே எழுதிய மாணவருக்கு நட்டம் வராது என்ற நிலை ஏற்பட்டால்தான் ரெக்கார்டு நோட்டில் உண்மை எழுதப்படும்.